கால் திருப்பு

கூக்கால் ஏரிக்கு மேலே பூண்டுக் காட்டில்
எட்டரை ஆகியும் விடியாத ஒரு தை மாசம்.
பைப்பின் முனையைத் துடைக்கிறேன்.
துடைக்கத் துடைக்கப் பனி திரும்ப வந்து உட்காருகிறது,
வட்டிக்காரன் மாதிரி.

ஈரத்தில் பிடிக்காது இந்தச் சிமென்ட்.
குளிரில் கெட்டியாகிவிடும் என்று
டப்பாவைச் சட்டைக்குள் போட்டு
அரை மணியாக நெஞ்சோடு வைத்திருக்கிறேன்.
மூடியைத் திறந்தால்
மூக்கில் ஏறி மண்டையில் குடியிருக்கும் வாசனை.
என் வீட்டில் என் சட்டைக்குத் தனி ஆணி,
வாசலுக்கு வெளியே.

"பசையா இது?"
பஞ்சவர்ணம் பைப்பின் மறுமுனையை
முழங்காலில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.
காடு அவளுடையது.
மேலே இருக்கும் ஊற்றில் ஏழு வீட்டுக்குப் பங்கு.

பசை இல்லை என்றேன்.
பசை என்றால் நடுவில் நிற்கும்.
இது இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கரைக்கும்
அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கரைக்கும்.
கரைந்தது இரண்டும் கலந்ததும்
மருந்து காற்றோடு போய்விடும்.

"அப்ப ஒட்டுறது எது?"

பதில் சொல்ல நேரமில்லை. தடவியாகிவிட்டது.
உள்ளே விட்டு, கால் திருப்புத் திருப்பி,
அழுத்திப் பிடிக்க வேண்டும்.
சீக்கிரம் விட்டால் ஒரு விரற்கடை பின்னுக்கு வரும்,
மனசு மாறினது போல.
முப்பது எண்ணச் சொல்வார்கள். குளிரில் அது போதாது.
நாலு வருசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்,
நான் ஊர்களை எண்ணுவேன்:
வத்தலக்குண்டு, காமக்காபட்டி,
டம்டம் பாறை
(இங்கே யாராவது வாந்தி எடுப்பார்கள், கொஞ்சம் நிற்கணும்)
ஊத்து, பெருமாள்மலை,
மூஞ்சிக்கல்.

மூஞ்சிக்கல்லில் கையை எடுத்தேன்.
அப்புறம்தான் பார்த்தேன்.
டீயின் வாய் அவள் தோட்டத்தைப் பார்க்கவில்லை.
வானத்தைப் பார்த்தது.

பென்சில் கோடு பனியில் அழிந்திருக்கும்.
அல்லது நான் போடவே இல்லை.

ஒட்டினது ஒட்டினதுதான்.
கழற்ற மரை கிடையாது, அவிழ்க்க முடிச்சு கிடையாது.
ரம்பம் ஒன்றே வழி.
அறுத்தால் இரண்டு கப்ளிங் வேண்டும்,
பையில் இருப்பது ஒன்று.
வாங்கப் பூம்பாறைக்குப் போனால் நாள் போச்சு.

பீடி பற்றவைக்கக் கை போனது.
மடியில் சிமென்ட் டப்பா. கை திரும்பி வந்தது.

சும்மா உட்கார்ந்து லைனைப் பார்த்தேன்.
தொட்டியிலிருந்து இறங்கி
இந்த மேட்டில் முதுகைத் தூக்கி
மறுபடி இறங்கும் பைப்.
கீழே ஏழு வீட்டிலும் ஒரே புகார்:
மத்தியானம் குழாய் இருமுகிறது, துப்புகிறது,
அப்புறம் செத்துப்போகிறது.
வேலப்பன் அடைக்கிறான் என்று ஆறு வீடும்,
ஆறு வீடும் அடைக்கிறது என்று வேலப்பனும்
ரெண்டு வருசமாகப் பேச்சில்லை.

அடைத்தது காற்று.
மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது இறங்காது.

துண்டு பைப் ஒன்றை எடுத்து
வானம் பார்த்த வாயில் நட்டேன்,
தொட்டி மட்டத்துக்கு மேல் இரண்டடி நிற்கும்படி.
பூச்சி போகாமல் உச்சியில் கவிழ்த்து ஒரு முழங்கை.
நாலடி தள்ளி இன்னொரு டீ,
அவள் தோட்டத்தைப் பார்த்து.
இந்த முறை கோடு இரண்டு தடவை.

நாளைக் காலை வரை வால்வைத் தொடாதீங்க என்றேன்.
"வயல் காயுதே" என்றாள்.
காயட்டும், இதுவும் காயணும்.

மறுநாள் திறந்தோம்.
நட்ட குழாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது.
இரண்டு தும்மல். பிறகு சத்தமில்லை.
கீழேயிருந்து வேலப்பனின் குரல்,
யாரை அழைக்கிறோம் என்று யோசிக்காமல்:
"முழுக்குழாயா வருது!"

"என்ன இது, கொம்பு மாதிரி?" என்றாள் பஞ்சவர்ணம்.
மூச்சுக்குழாய் என்றேன்,
முதலிலேயே நினைத்து வந்தவன் போல.

அவள் குழாயைப் பார்த்தாள்.
என் காதில் செருகிய பென்சிலைப் பார்த்தாள்.
கூலியை எண்ணிக் கொடுத்தாள்.
குறைந்தது.

"ஒரு டீக்குப் பிடிச்சுக்கிட்டேன்."
குடிசைக்குள் போய்
இரண்டு கிலோ தேறும் பூண்டுக் கட்டைத் தூக்கி வந்தாள்.
"இது அந்தக் கொம்புக்கு."

சாயங்கால பஸ்ஸில்
பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய் நின்றார்.
பூண்டுக்கா, சட்டைக்கா,
கேட்கவில்லை.